அடி கனத்த எழுத்துகள்

பிஸ்கட் டப்பா திறந்திருந்தால் அந்தப் பதிப்பகத்தில் ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று பொருள். முதலாளி லேசில் எதையும் எடுத்துக் கொடுக்கிற ஆள் இல்லை. டப்பா அவருடைய இழுப்பறையில் பூட்டியே கிடக்கும். பெரிய பாடநூல் வேலை கிடைத்தபோது ஒருமுறை வெளியே வந்தது, அவருக்குப் பேத்தி பிறந்தபோது ஒருமுறை வந்தது, அவ்வளவுதான். அன்று காலை எழுத்தக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்தபோது, டப்பா வாசல் மேசையிலேயே மூடியில்லாமல் இருந்தது. பாதி காலியாகியும் இருந்தது.

எழுத்தக்கா என்பது ஆபீஸ் வைத்த பெயர். எழுத்துரு வரைவது அவள் வேலை. கம்ப்யூட்டரில் நாம் தட்டுகிற அ, ஆ, க, ங எல்லாம் தானாக முளைப்பதில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு சுழியையும் வளைவையும் இழுத்து இழுத்துச் சரிசெய்தால்தான் அவை கண்ணை உறுத்தாமல் வரிசையில் நிற்கும். சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், தப்பாகச் செய்தால் ஊரே கவனிக்கும். சம்பளத்தோடு கழுத்துவலியையும் சேர்த்துக் கொடுக்கிற வேலை அது.

பல வருஷமாக அவள் ஒரே ஒரு எழுத்துருவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கான எழுத்து. எழுத்துகள் புரள்கின்றன, ஒன்றோடு ஒன்று கலக்கின்றன, வரியை விட்டு நழுவுகின்றன என்று அந்தப் பிள்ளைகளில் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறாள். அதனால் அடிப்பாகத்தைக் கனமாக்கினாள். எழுத்து தரையில் குண்டாக உட்கார்ந்திருந்தால் புரளாது என்று ஒரு கணக்கு. னகரத்துக்கும் ணகரத்துக்கும் சுழிகளை நன்றாக விரித்தாள். மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரிதாக்கிக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பக்கத்தில் பெரிய அளவில் போட்டு, எழுத்துக்கு எழுத்து, வரிக்கு வரி, தாராளமாக இடம் விடச் சொன்னாள். மற்ற வேலைகளுக்கு நடுவே, மதியச் சாப்பாட்டு நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் செய்த வேலை. செய்து முடித்தபோது சந்தோஷப்படக்கூட அவளிடம் தெம்பில்லை.

இப்போது அதற்குச் சோதனை நடந்திருந்தது. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு நடத்தும் டீச்சர் ஒருவர், இரண்டு விதமான பக்கங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கவைத்தார். ஒன்று வழக்கமான பாடநூல் பக்கம், இன்னொன்று எழுத்தக்காவின் எழுத்தில் அச்சடித்த பக்கம். முடிவு நேற்று மாலை வந்துவிட்டதாம். பழைய பக்கத்தில் வரிக்கு வரி முட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகள், புதுப் பக்கத்தில் தடுமாற்றம் பாதிக்குமேல் குறைந்து வாசித்தார்களாம். டீச்சர் போனில் அழுதேவிட்டாராம். அழுததைச் சொல்லும்போது முதலாளிக்கும் குரல் கம்மியது. பிறகு பிஸ்கட்டை நீட்டினார்.

"எடுத்துக்கங்கம்மா. ரெண்டா எடுத்துக்கங்க."

அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். மேசைமேல் டீச்சர் திருப்பி அனுப்பியிருந்த பக்கங்கள் கட்டாகக் கிடந்தன. ஓரங்களில் பிள்ளைகளின் விரல் அழுக்கு. பக்கம் அச்சான வாரம் முழுக்க அவள் கண்வலி வந்து, கண் சிவந்து, வீட்டில் கிடந்தாள். யாருக்கும் ஒட்டிவிடக் கூடாதென்று ஆபீஸ் பக்கமே வரவில்லை. அதனால் அச்சான பக்கத்தை அவள் பார்ப்பது இதுதான் முதல்முறை. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் பார்க்கிற ஆசையோடுதான் கட்டைப் பிரித்தாள்.

முதலில் புள்ளிதான் கண்ணில் பட்டது. சின்னப் புள்ளி. அவள் வைத்த புள்ளி இல்லை.

கையில் இருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். சுழிகளைப் பார்த்தாள், விரியவில்லை. அடிப்பாகத்தைப் பார்த்தாள், கனமில்லை. ஆபீஸில் எல்லாப் புத்தகத்துக்கும் போடுகிற அதே பழைய சாதாரண எழுத்து, அவள் சொன்ன அளவில், அவள் சொன்ன இடைவெளியில், பக்கம் முழுக்கச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. கட்டு முழுவதையும் புரட்டினாள். ஒரு பக்கத்திலும் அவளுடைய எழுத்து ஒன்றுகூட இல்லை.

பக்கங்களை வடிவமைப்பவர் அடுத்த அறையில் இருந்தார். ஓரத்தில் இடம் விடுவதில் பிடிவாதக்காரர் என்பதால் மார்ஜின் சார் என்றே எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவள் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், பிறகு பக்கத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். கண்வலி வருவதற்கு முந்தின நாள் அவள் எழுத்துருவின் கடைசிப் பதிப்பை முடித்து, கோப்புக்குப் புதுப் பெயர் வைத்திருந்தாள். எழுத்து வரைகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. ஒரு புள்ளியை நகர்த்தினாலும் பேரை மாற்றிவிடுவார்கள். மார்ஜின் சாரின் பக்கத்தில் குறித்திருந்ததோ பழைய பெயர். பக்கத்தைத் திறந்ததும் கம்ப்யூட்டர், கேட்ட எழுத்துரு இல்லை, வேறொன்றைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று ஒரு பெட்டியைக் காட்டியிருக்கிறது. நாள் முழுக்கக் காட்டுகிற பெட்டிதான் அது. அந்தத் தொழிலில் இருக்கிற யாரும் அதைப் படிப்பதில்லை. கை தானாகப் போய்ச் சரி என்று அழுத்திவிடும். சாரின் கையும் அழுத்திவிட்டது. எழுத்து மாறியது. அளவும் இடைவெளியும் மட்டும் அவள் குறித்துக் கொடுத்தபடி அப்படியே நின்றுவிட்டன.

டீச்சருக்கு எப்படித் தெரியும்? அவர் புது எழுத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. காற்றோட்டமாக இருந்த பக்கத்தைப் பார்த்து இதுதான் புது எழுத்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். முதலாளிக்கு எல்லா எழுத்தும் ஒன்று.

மார்ஜின் சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தன் தப்பென்று சொன்னார். இவள் தன் தப்பென்றாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் தப்பை இழுத்துக்கொண்டதில் கொஞ்ச நேரம் போனது. ஆனால் இரண்டு பேருமே தொழில் தெரிந்தவர்கள். தப்பு யாருடையது என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று மேசைமேல் கிடக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது. கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார்.

"எழுத்தே மாறலம்மா. அப்ப பசங்க எதை வெச்சு நல்லா வாசிச்சாங்க?"

பதில் இரண்டு பேருக்கும் தெரியும். பெரிய அளவு. எழுத்துக்கு நடுவே இடம். வரிக்கு நடுவே இடம். அவள் வருஷக்கணக்கில் கழுத்து நோக வளைத்த வளைவுகளுக்கு அதில் பங்கு உண்டா இல்லையா என்று இந்தச் சோதனையைக் கொண்டு சொல்லவே முடியாது. அவை அந்த வகுப்பறைக்குப் போகவே இல்லை. அவை இல்லாமலே பிள்ளைகள் வாசித்துவிட்டார்கள்.

முதலாளியிடம் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் கேட்டுக்கொண்டே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். முதலில் மார்ஜின் சாரை வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு தண்ணீர் குடித்தார். பிறகு அவர் பேசியது, அவரைப் பற்றி அவள் நினைத்திருந்ததைவிட நியாயமாகவே இருந்தது. அதுதான் சிக்கல்.

மறுநாள் ஓர் அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மா வருகிறார். புது எழுத்தில் முதல் வகுப்பு வாசிப்புப் புத்தகம் அச்சடித்து எல்லாப் பள்ளிக்கும் கொடுக்க அவர்கள் தயார். மேலட்டைகூட வரைந்தாகிவிட்டது. முதலாளி அதை எடுத்துக் காட்டினார். சிரிக்கும் குழந்தை ஒன்று. அதன் தலைக்குமேல், எழுத்தக்காவின் அடி கனத்த எழுத்தில், நிஜமாகவே அவள் எழுத்தில், ஒரு வாசகம்: இனி எல்லாக் குழந்தைக்கும் படிக்க வரும்.

"வெறுமனே இடம் விட்டு அச்சடிங்கன்னு கேட்டா எவனும் காதுல போட்டுக்க மாட்டான்மா," என்றார். "பக்கம் கூடும், காகிதம் கூடும்னு நானே வேணாம்பேன். புது எழுத்துன்னா வாங்குவாங்க. இடைவெளியும் அதுகூடவே போயிடும். பசங்களுக்கு நல்லதுதானே நடக்குது? இதுல யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க."

அவள் யோசித்துப் பார்த்தாள், யாருக்கும் நஷ்டமில்லை. பிள்ளைகள் வாசிப்பார்கள், டீச்சர் சந்தோஷப்படுவார், முதலாளி இன்னொரு டப்பா பிஸ்கட் வாங்குவார். அவளுடைய எழுத்து லட்சக்கணக்கான கைகளில் இருக்கும். அவளுக்கு அது வேண்டியிருந்தது. அதை மறைப்பானேன்? இத்தனை வருஷ உழைப்பு குப்பைக்குப் போவதை எந்த மனுஷி விரும்புவாள்? யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துகொண்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் படியிறங்கும்போது அவள் மனதில் இருந்தது. சண்டை போட அவளிடம் உடம்பும் இல்லை.

பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் அண்ணன் கடைக்குப் போனாள். மோட்டார் சைக்கிள், கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடை. ஒரே அறை, ரெக்சின் சுருள்களும் ஃபோம் துண்டுகளும் கூரை வரை அடுக்கியிருக்கும். உள்ளே போனாலே பசை வாடை மூக்கைப் பிடிக்கும். வாசலுக்குமேல் இருந்த பெயர்ப்பலகை அவள் எழுத்தில் எழுதியது. உலகத்தில் அந்த அடி கனத்த எழுத்து பொதுவில் தொங்கிய இடம் அது ஒன்றுதான்.

இந்த எழுத்தே அண்ணனுக்காகத்தான் தொடங்கியது. அண்ணனுக்கு வாசிக்க வரவில்லை. அந்தக் காலத்தில் அதற்கு டிஸ்லெக்சியா என்று ஒரு பெயர் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. மண்டு, சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்ற பெயர்கள்தான் தெரியும். அண்ணனைவிடச் சின்னவளான இவள் பள்ளிக்குப் போன முதல் வருஷமே கடகடவென்று வாசித்தாள். அதற்காகவும் அண்ணனுக்கு அடி விழுந்தது. ஒவ்வொரு முறை எழுத்தை மாற்றி வரைந்ததும் முதலில் அண்ணனிடம்தான் அச்செடுத்துக்கொண்டு வருவாள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, விரலை வைத்துப் பார்த்து, "இது நல்லா இருக்கு பாப்பா" என்பார். அந்த ஒரு வார்த்தை அடுத்த சில மாதங்களுக்கு அவளை ஓடவைக்கும்.

அன்று அண்ணன் ஒரு பழைய காரின் பின்சீட்டைக் கால்களுக்கு நடுவே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். இவள் முகத்தைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு டீ சொன்னார். அண்ணியும் கடையில்தான் இருந்தாள், நூல்கண்டுகளைப் பிரித்துக்கொண்டு. கண்ணு இன்னும் சிவப்பாத்தான் இருக்கு, இதுக்குள்ள எதுக்கு வேலைக்குப் போன என்று கடிந்துகொண்டாள்.

நடந்ததை எல்லாம் சொன்னாள். டீ வந்தது, ஆறியது. முதலாளி கேட்ட கேள்வியையும் சொன்னாள், யாருக்கு என்ன நஷ்டம் என்று. பிறகு, இத்தனை வருஷம் கேட்கத் தோன்றாத ஒன்றைக் கேட்டாள்.

"அண்ணா, நிஜத்தைச் சொல்லு. என் எழுத்து உனக்கு எப்பவாவது ஈஸியா இருந்துச்சா?"

அண்ணன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"நீ கொண்டு வந்தது எல்லாமே பெருசு பெருசா இருந்துச்சு பாப்பா. தள்ளித் தள்ளி இருந்துச்சு. அதனால கொஞ்சம் ஈஸியா இருந்துச்சு. எழுத்துல நீ என்ன மாத்தினன்னு எனக்கு ஒரு தடவைகூடத் தெரிஞ்சதில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் சிரிப்பு. எழுத்து வரைகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான் இது. வளைவு சரியா, சுழி சரியா என்று பார்க்க அச்செடுக்கும்போது பெரிதாகத்தான் எடுப்பார்கள், பக்கத்துக்கு நாலு வரி, நடுவே நிறைய இடம். அதைத்தான் அவள் அண்ணனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். பழைய எழுத்தை அதே அளவில், அதே இடைவெளியில் அச்சடித்து ஒருமுறை நீட்டியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். படித்த பெண்ணுக்கு அது தோன்றவில்லை. மார்ஜின் சார் ஒருமுறை பெட்டியை வாசிக்காமல் அழுத்தினார் என்றால், இவள் வருஷக்கணக்காக அதையேதான் செய்திருக்கிறாள்.

"அப்புறம் ஏன் நல்லா இருக்குன்னு சொன்ன?"

"நீ எவ்வளவு ஓஞ்சுபோய் வந்து நிப்ப, உனக்குத் தெரியாது."

அண்ணி தலை நிமிராமல், அதைத்தான் நானும் சொல்லுவேன், உண்மையைச் சொல்லித் தொலைங்கன்னு, கேட்டாத்தானே என்றாள்.

சொல்லிவிடட்டுமா, விட்டுவிடட்டுமா என்று அவள் கேட்கவில்லை. அண்ணனும் அதைச் செய் இதைச் செய் என்று யாருக்கும் சொல்கிற ரகமில்லை. சீட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டார். அந்த மேலட்டையில் என்ன எழுதியிருக்கு என்று மட்டும் இன்னொருமுறை கேட்டார். அவள் சொன்னாள். இனி எல்லாக் குழந்தைக்கும் படிக்க வரும். அண்ணன் சுண்ணக்கட்டியால் ரெக்சினில் ஒரு கோடு இழுத்தார், பிறகு அதை அழித்தார்.

"என் கண்ணாடி ஞாபகம் இருக்கா உனக்கு?"

மறக்குமா? அண்ணனுக்குக் கண்ணில்தான் கோளாறு என்று வாத்தியார் ஒருவர் சொல்ல, அப்பா கடன் வாங்கிக் கண்ணாடி போட்டுவிட்டார். கறுப்புச் சட்டம், மூக்கைவிடப் பெரியது. கொஞ்ச நாளிலேயே அண்ணன் அதை விளையாட்டு மைதானத்தில் தொலைத்துவிட்டார். அப்பா பெல்ட்டைக் கழற்றினார். இவள் அன்று சாயங்காலம் முழுக்க மைதானத்துப் புல்லுக்குள் கையை விட்டுத் தேடினாள். கண்ணாடி கிடைத்தால் அண்ணனை அடிக்க மாட்டார்கள் என்று நம்பித் தேடினாள். கையெல்லாம் கீறல். கிடைக்கவில்லை.

"நான் அதைத் தொலைக்கல பாப்பா. நானே ஒடச்சு சாக்கடைல போட்டேன்."

நூல்கண்டு பிரித்த அண்ணியின் கை நின்றது. அவளுக்கும் இது புதுச் செய்தி.

"கண்ணாடி வர்றதுக்கு முன்னாடி, பாவம், கண்ணு தெரியலன்னு சொல்ல ரெண்டு பேராவது இருந்தாங்க. கண்ணாடி போட்டதும் அவங்களும் போயிட்டாங்க. இப்பத்தான் எல்லாம் தெரியுதே, இன்னும் என்னடா சாக்குன்னு கேட்டாங்க. எனக்கு அப்பவும் வரல. நான் என்ன பண்ணுவேன்?"

சொல்லிவிட்டு மிஷினை ஓட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் யாரும் பேச முடியாது. ஒருவேளை அதற்காகத்தான் ஓட்டினாரோ என்னவோ. அவள் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தாள். நஷ்டம் யாருக்கு என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு தெரியாதவள் மாதிரி இருக்க முடியாதே என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அறக்கட்டளை அம்மா குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மெல்லிய குரல், கூர்மையான கண். டீச்சரும் வந்திருந்தார், பிள்ளைகள் வாசித்ததைப் போனில் பதிவுசெய்து கொண்டுவந்திருந்தார். முதலாளி மேலட்டையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி வைத்திருந்தார். எழுத்தக்கா எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவருக்கு வழிக்கு வந்துவிட்டாள் என்று தோன்றியிருக்க வேண்டும், அவள் பக்கம் நாற்காலியை அன்பாக நகர்த்தினார்.

டீச்சர் பதிவை ஓடவிட்டார். ஒரு பெண்குழந்தை வாசித்தது. மெதுவாக, நடுவே மூச்சு விட்டு, ஆனால் எங்கும் திரும்பிப் போகாமல் கடைசி வரை வாசித்து முடித்துவிட்டு, முடிஞ்சுதா டீச்சர் என்று நம்ப முடியாமல் கேட்டது. இதற்குப் பிறகு பேசுவது எழுத்தக்காவுக்குக் கல்லைத் தூக்குவது போலிருந்தது. தூக்கினாள்.

அந்தக் குழந்தை வாசித்தது தன் எழுத்து இல்லை என்றாள். பெயர் மாற்றியது, பெட்டி வந்தது, சாதாரண எழுத்து உட்கார்ந்துகொண்டது எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னாள். மார்ஜின் சார் பெயரை எடுக்காமல், எங்கள் கையில் நடந்த தப்பு என்றாள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் இன்னும் புரியாமல் பக்கத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு புரிந்தபோது அவர் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்கத்தான் எழுத்தக்காவுக்குத் தாங்கவில்லை.

அறக்கட்டளை அம்மா கோபப்படவில்லை.

"நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஏன் சொன்னீங்க?"

எழுத்தக்கா சுவரில் இருந்த மேலட்டையைக் காட்டினாள்.

"இதைப் போட்டு அச்சடிச்சப்புறமும் ஏதாவது ஒரு குழந்தைக்குப் படிக்க வராது மேடம். உனக்குன்னே எழுத்து செஞ்சு கொடுத்தாச்சு, இன்னும் என்ன சாக்குன்னு அதைக் கேப்பாங்க. அந்த சாக்கை நான் புடுங்கக் கூடாது."

சொல்லிவிட்டுப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து அந்த அம்மா பக்கம் நகர்த்தினாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. சோதனையைச் சரியாக மறுபடி செய்யச் சொன்னார் அந்த அம்மா. அவள் எழுத்தும் சாதாரண எழுத்தும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில். இந்தமுறை எழுத்தக்கா அச்சுக்கூடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியையும் பார்த்தாள். மார்ஜின் சார் பெட்டி வரும்போதெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அழுத்தினார். பக்கங்கள் போயின, திரும்பி வந்தன. டீச்சர் முடிவைப் போனில் சொல்லவில்லை, நேரில் வந்து சொன்னார். இரண்டு எழுத்துக்கும் வித்தியாசமே இல்லை. சில பிள்ளைகளுக்கு இடைவெளி நன்றாக உதவியது, சிலருக்குக் கொஞ்சம் உதவியது, ஒரு பையனுக்கு எதுவுமே உதவவில்லை. அவனோடு தினமும் தனியாக உட்காரவேண்டியதுதான், வேறு வழியில்லை என்றார் டீச்சர். பழைய எழுத்து பார்க்கப் பழகியிருக்கிறது, அதையே கொடுங்கள் என்று பிள்ளைகளே கேட்டார்களாம்.

வித்தியாசம் ஒரு துளியாவது இருக்கும் என்று எழுத்தக்கா கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் நம்பினாள். அன்று கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த வேலையைத் திறந்தாள். ஏதோ ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெயர்ப்பலகை எழுத்து.

முதலாளி சில வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டப்பா இழுப்பறைக்குத் திரும்பியது. ஆனால் அறக்கட்டளை அம்மா ஒரேயடியாகக் கைகழுவவில்லை. எல்லாப் பள்ளிக்கும் என்ற பேச்சு போய், ஒரே ஒரு புத்தகம், சில பள்ளிகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. சாதாரண எழுத்து, பெரிய அளவு, நிறைய இடம். மேலட்டையில் சிரிக்கும் குழந்தை அப்படியே இருந்தது. தலைக்குமேல் இருந்த வாசகம் மட்டும் போய்விட்டது. உள்ளே எழுத்தக்காவின் பெயர் எங்கும் இல்லை. போடுவதற்கு அதில் அவளுடையது என்று எதுவும் இல்லையே.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனாள். மத்தியான வெயிலில் தெரு ஓய்ந்து கிடந்தது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். விரலை வைத்து முதல் பக்கத்தை வாசித்தார், சத்தமாக. காகம், பானை, மழை என்று பிள்ளைகளுக்கான நாலு வரி. சீட்டுக்காகக் காத்திருந்த ஆள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஓர் இடத்தில் முட்டினார், நின்றார், மறுபடி போனார். முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, ரெக்சின் படாத இடமாகப் பார்த்து வைத்தார். இந்தமுறை நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. "ம்" என்றார். அந்த ஒரு "ம்" அவளுக்குப் போதுமாக இருந்தது.

வாசலுக்குமேல் இருந்த பலகையை அவளால் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. வெயிலில் அதன் சாயம் வெளுத்திருந்தது. குண்டு குண்டாக உட்கார்ந்திருந்த எழுத்துகள், பெரிய பெரிய புள்ளிகள்.

"அதைக் கழட்டிடலாமாண்ணா? வேற எழுதித் தர்றேன்."

அண்ணன் பல்லில் நூலைக் கடித்து அறுத்தார்.

"அதை நான் படிக்கிறதே இல்ல பாப்பா. பாத்துக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான். அது கெடக்கட்டும்."

காத்திருந்த ஆள் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான். தைத்து முடித்து ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு கார் சீட்டில் அவள் உட்கார்ந்தாள். புது ஃபோம், உடம்பை அப்படியே வாங்கிக்கொண்டது. ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தவள், கழுத்தைச் சாய்த்ததும் கண்ணயர்ந்துவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அண்ணன் மிஷினில் வைத்திருந்த காலை எடுத்தார். அந்த ஆளின் சீட்டை மடிமேல் இழுத்துக்கொண்டு, பெரிய ஊசியை எடுத்து, மிச்சமிருந்த தையலையெல்லாம் கையாலேயே தைக்கத் தொடங்கினார்.